லயத்தைக் காலி செய்யாதவர்கள்

ஆண்டுக்கு 15 நாள் கூலி. 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தில் எத்தனையோ பிரிவுகள் இருந்தாலும், தோட்டத் தொழிலாளிக்கு மனப்பாடமாகத் தெரிந்த வரி இதுதான். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை பார்த்தவர் ஓய்வு பெற்றாலும் தானாக விலகினாலும், முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் கூலியைக் கம்பெனி கொடுக்க வேண்டும். 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டியும் சேரும். மலையில் யாரும் இதைப் பணிக்கொடை என்று சொல்வதில்லை; கிராஜுவிட்டி என்றுதான் சொல்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 வருஷம் கொழுந்து பறித்த ஒரு பெண்மணி. 30-ஐ 15-ஆல் பெருக்கினால் 450 நாள் கூலி. 2015-ல் கேரளத் தேயிலைத் தொழிலாளியின் நாள்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்த 301-ஐ வைத்துக் கணக்கிட்டால் 1,35,450 ரூபாய். நகரத்தில் மாதச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது பெரிய தொகையாகத் தோன்றாமல் போகலாம். அந்தப் பெண்மணிக்கோ வாழ்நாளில் ஒரே ஒரு முறை மொத்தமாகக் கையில் பார்க்கப்போகும் பணம். மகள் கல்யாணக் கடன் அடையும். இல்லையென்றால் கம்பம் பக்கம் இரண்டு சென்ட் இடம் கிடைக்கும். பணத்தை வாங்கிக்கொண்டு, லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பிலுள்ள வீட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டு மலை இறங்குவது என்பதுதான் அங்கே ஒரு உழைப்பாளியின் வாழ்க்கைக்கு எழுதப்பட்ட முடிவு.

இப்போது எஸ்டேட் மூடிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பணம் தரவில்லை. தொழிலாளிக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அந்த வீட்டைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. கூரை ஒழுகுகிறது. மகன் திருப்பூரில் இருக்கிறான், வா என்கிறான். அந்த அம்மா போவதா, இருப்பதா?

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேட்டில் பலர் இருந்துவிட்டார்கள். ஐந்து வருஷம், பத்து வருஷம், சிலர் அதற்கும் மேல். ஏன் இருந்தார்கள் என்பதை விளங்கிக்கொள்ள முயல்வதே இந்தக் கட்டுரை. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் அவர்களைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிற விளக்கம் தவறானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பின்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் திருவிதாங்கூரின் இந்த மலையில் முதலில் காப்பி போட்டார்கள், பிறகு தேயிலைக்கு மாறினார்கள். வேலைக்கு ஆள் பிடித்து வந்தவர்கள் கங்காணிகள். 1876 முதல் 1878 வரை தமிழகத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் நினைவு ஆறாத காலம் அது. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கங்காணியின் முன்பணத்தை வாங்கிக்கொண்டு மலையேறியவர்களின் வழிவந்தவர்கள்தாம் இன்றைய தொழிலாளர்கள். 1956-ல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நேசமணியும் அவர் தலைமையிலிருந்த திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசும் அவற்றுக்காகப் போராடியதைத் தமிழ் வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. குமுளி எல்லைச் சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள், இந்தப் பக்கம் வேலை என்று வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தது.

1991-ல் சோவியத் யூனியன் உடைந்தது. இந்தியத் தேயிலையை மொத்தம் மொத்தமாக வாங்கிய கை அது. 1990-களின் கடைசியில் விலை சரிந்தது. பல கம்பெனிகள் நல்ல காலத்தில் கிழட்டுச் செடிகளைப் பிடுங்கிப் புதிது நட்டிருக்கவில்லை. கெட்ட காலத்தில் கையை விரித்துவிட்டன. பீர்மேடு டீ கம்பெனியின் லோன்ட்ரீ, சீந்தலார் எஸ்டேட்டுகள் 2000-ல் மூடப்பட்டன. அந்தத் தாலுகாவில் அடுத்தடுத்து வேறு எஸ்டேட்டுகளும் மூடின. சில பெயருக்கு ஓடின. சம்பளப் பாக்கி, போனஸ் பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று கணக்கு ஏறிக்கொண்டே போனது.

இந்த நெருக்கடியை உள்ளிருந்து எழுதியவர் ஜெயசீலன் ராஜ். பீர்மேட்டின் தமிழ்த் தலித் தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த மானுடவியலாளர். நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் ஆசிரியராக இருந்தார். தோட்ட நெருக்கடியால் தலித் வாழ்வில் விழுந்த பிளவுகளைப் பற்றிய அவருடைய நூலை 2022-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜின் பதிப்பகம் வெளியிட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்திலிருந்து எடுத்துப் படிக்கலாம். நாணயம் சுண்டிப் பரிசோதனை செய்தவர் அல்லர் அவர். லயங்களில் உட்கார்ந்து பேசிக் கேட்டவர், கூட வாழ்ந்தவர். இடர் நடுவே மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்ற கேள்வியோடு அவரைப் படிப்பது என் தேர்வு. பொருளியலாளர்கள் பரிசோதனைக் கூடத்தில் தேடுவதற்கு விடை அங்கேதான் கிடக்கிறது என்று எனக்குப் படுகிறது.

ஏனென்றால் இந்தக் கேள்விக்கென்று ஒரு பெரிய படிப்பே இருக்கிறது. அதன் நடுநாயகமான கட்டுரையை 1979-ல் டேனியல் கானமனும் ஏமோஸ் ட்வெர்ஸ்கியும் எழுதினார்கள். 100 ரூபாய் கிடைப்பதில் வருகிற சந்தோஷத்தைவிட 100 ரூபாய் தொலைப்பதில் வருகிற வலி அதிகம். அதனால் கிடைக்கப்போவதைப் பற்றி முடிவெடுக்கும்போது மனிதன் பத்திரமான வழியைத் தேடுவான். தொலைக்கப்போகிறோம் என்னும்போது, முழுவதும் தப்பிக்க ஒரு வாய்ப்பு இருக்குமானால் சூதாடத் துணிவான். இதோடு சேர்த்துப் பேசப்படுவது இன்னொரு பலவீனம். போட்ட காசு போனாலும் போட்டுவிட்டோமே என்பதற்காக மேலும் மேலும் போடுவது. ஓடாத படத்துக்கு டிக்கெட் எடுத்துவிட்டோம் என்பதற்காகக் கடைசிவரை உட்கார்ந்திருப்பது மாதிரி.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லயத்தைப் பார்த்தால் விளக்கம் சட்டென்று பொருந்திவிடும். 30 வருஷம் உழைத்துவிட்டோமே என்ற பிடிப்பு. நஷ்டத்தை ஒப்புக்கொள்ள மனமில்லாமல், என்றைக்கோ எஸ்டேட் திறக்கும் என்ற நப்பாசையில் வைக்கும் சூதாட்டம். படித்தவர்கள் சற்று நாகரிகமாகவும் மற்றவர்கள் வெளிப்படையாகவும் சொல்வது இதைத்தான்: அந்த ஜனங்களுக்கு லயத்தை விட்டு வெளியே வரத் துணிச்சல் இல்லை.

இந்த விளக்கம் ஏன் தவறு? முதலில் அந்த 450 நாள் கூலியைப் பற்றி. போட்ட காசு என்று பொருளியல் சொல்வது திரும்பி வராத காசை. சினிமா டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. கிராஜுவிட்டி அப்படிப்பட்டதா? அது சட்டப்படி கம்பெனி அந்தப் பெண்மணிக்குப் பட்டிருக்கும் கடன். வரவேண்டிய பாக்கி. கொடுத்த கடனை வசூலிக்க ஒரு வட்டிக்கடைக்காரர் பத்து வருஷம் கோர்ட்டுக்கு நடந்தால் நாம் அவரைப் பழசைப் பிடித்துத் தொங்குகிறவர் என்று சொல்வதில்லை. கணக்குத் தெரிந்தவர் என்கிறோம்.

சரி, சட்டப்படி பார்த்தால் வேலையை விட்டுப் போனாலும் கிராஜுவிட்டி உண்டே, பிறகு எதற்கு அங்கேயே இருக்க வேண்டும்? இங்கேதான் வீடு வருகிறது. பணம் தொழிலாளியுடையது, அது கம்பெனியின் கையில் இருக்கிறது. வீடு கம்பெனியுடையது, அது தொழிலாளியின் கையில் இருக்கிறது. ஒருவர் பொருளை மற்றவர் ஈடாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எழுதாத அடமானம் இது. திருப்பூருக்குப் போய்விட்ட தொழிலாளியின் மனுவுக்கு அரசு அலுவலகத்தில் என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் தெரியும். லயத்தில் அடுப்பெரிக்கிறவரை மட்டும் யாரும் இல்லையென்று சொல்லிவிட முடியாது. எஸ்டேட்டை நாளைக்கு யாராவது வாங்க வந்தால், வாங்குகிறவர் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும். சாவியைக் கொடுத்த அன்றைக்கு அந்தப் பெண்மணி தன்னிடமிருந்த ஒரே பிடியைக் கொடுத்துவிடுகிறார். போனால் திரும்ப முடியாது. இருந்தால் நாளைக்கும் போகலாம், மறுநாளும் போகலாம். திரும்ப முடியாத முடிவைத் தள்ளிப்போடுவதற்கு ஒரு விலைமதிப்பு உண்டு என்று முதலீட்டுக் கோட்பாட்டில் விரிவாகவே எழுதியிருக்கிறார்கள். பெரிய கம்பெனி புதிய ஆலை கட்டுவதைத் தள்ளிப்போட்டால் அதற்குப் பெயர் விவேகம். லயத்தில் அதற்குப் பெயர் தயக்கமா?

துணிச்சல் பற்றிய பேச்சுக்கு நல்ல பதில் இன்னொரு ஆய்வில் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். 1970-களில் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்ற பொருளியலாளர், ஐதராபாத் அருகே பட்டன்செருவிலுள்ள இக்ரிசாட் வேளாண் ஆய்வு நிறுவனத்திலிருந்துகொண்டு ஆந்திர, மகாராஷ்டிரக் கிராமங்களில் ஓர் ஆட்டம் நடத்தினார். எதிரே உள்ள விவசாயியிடம் பல வழிகளைக் காட்டுவார். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நாணயம் சுண்டப்படும். முதல் வழியில் பூ விழுந்தாலும் தலை விழுந்தாலும் 50 ரூபாய். அடுத்ததில் ஒன்று விழுந்தால் 45, மற்றது விழுந்தால் 95. இன்னொன்றில் 30 அல்லது 150. கடைசி வழியில் ஒன்றுமே இல்லை அல்லது 200. கூலிக்காரருக்குப் பல நாள் கூலியை ஒரே சுண்டலில் வைக்கும் ஆட்டம் அது. காசை நிஜமாகவே கொடுத்தார்கள்.

சில்லறைக் காசில் ஆடியபோது சிலர் துணிந்து ஆடினார்கள், சிலர் ஒதுங்கினார்கள். தொகை ஏற ஏறப் பெரும்பாலோர் நடுவிலுள்ள வழிகளுக்கு வந்து சேர்ந்தார்கள். ஓரளவு துணிவு, ஓரளவு எச்சரிக்கை. 1980-ல் அவர் வெளியிட்ட முடிவில் முக்கியமானது என்னவென்றால், நிலபுலன் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. பணக்காரர் புதுப்பயிர் போடுகிறார், ஏழை போடவில்லை என்றால் காரணம் மனசில் இல்லை. கடன் கிடைப்பதிலும் விழுந்தால் எழுந்து நிற்க இடம் இருப்பதிலும் இருக்கிறது. சுபாவத்தில் ஏழை கோழை என்ற எண்ணம் அந்தக் கிராமங்களிலேயே அடிபட்டுப்போய்விட்டது. ஆனாலும் 45 வருஷமாக நாம் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆட்டத்துக்கும் லயத்துக்கும் உள்ள தூரத்தையும் சொல்ல வேண்டும். அங்கே யாரும் வீட்டுக் காசை இழக்கவில்லை. மிக மோசமாகப் போனாலும் வெறுங்கையோடு எழுந்து போகலாம். நாணயத்துக்கு இரண்டு பக்கம்தான் என்று எல்லோருக்கும் தெரியும். சுண்டியவருக்குப் பூ விழுவதிலோ தலை விழுவதிலோ லாபம் கிடையாது. மூடிய எஸ்டேட்டில் இந்த மூன்றுமே இல்லை. கம்பெனி திறக்குமா, விற்குமா, விற்றால் பழைய பாக்கியை வாங்குகிறவர் ஏற்பாரா, அரசு தலையிடுமா? இதற்கெல்லாம் நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. ஃபிராங்க் நைட் 1921-லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்: கணக்கிட முடிகிற இடர் ஒன்று, கணக்குக்கே அடங்காத நிச்சயமின்மை வேறொன்று. இங்கே அதற்கும் மேல் ஒன்று இருக்கிறது. என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில்லை.

சொல்லாத இடத்தில் வதந்தி வளரும். நெருக்கடிக் காலத்து வதந்தியையும் புறணியையும் பற்றி மட்டுமே ஜெயசீலன் ராஜ் 2019-ல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார். எதிர்ப்பும் இணங்கிப்போதலும் ஒரே பேச்சுக்குள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்று அது காட்டுகிறது. எஸ்டேட் அடுத்த மாதம் திறக்கிறதாம் என்ற பேச்சு ஒரு குடும்பத்தை இன்னும் ஒரு மழைக்காலம் பிடித்து நிறுத்திவிடும். அதே பேச்சுதான் யூனியன் தலைவரைப் பற்றியும் மேனேஜரைப் பற்றியும் மேடையில் சொல்ல முடியாததைச் சொல்ல வழி தருகிறது. இடர் பற்றிய பாடப்புத்தகங்களில் தகவல் என்ற சொல் வருகிறது, வதந்தி வருவதில்லை. பீர்மேட்டில் முடிவெடுக்கக் கிடைத்த தகவலில் பெரும் பங்கு வதந்தியாகத்தான் இருந்தது. அதை வடிகட்டிப் பார்க்க அவர்களுக்கு இருந்த ஒரே சல்லடை, சொன்னவர் யார், அவருக்கு இதில் என்ன லாபம் என்ற கேள்வி. அது மோசமான சல்லடை இல்லை.

கிராமத்தில் ஒருவர் விழுந்தால் மற்றவர் தாங்குவார்கள். ஒரு வீட்டில் விளைச்சல் போனால் பங்காளி வீட்டில் கைமாற்று கிடைக்கும். ராபர்ட் டவுன்சென்ட் 1994-ல் இதே இக்ரிசாட் கிராமங்களின் கணக்குகளை வைத்து, ஊரே சேர்ந்து ஒருவித காப்பீடாக நிற்பதைக் காட்டினார். தோட்டத்தில் அந்த வழியும் அடைபட்டுவிடும். லயத்தில் எல்லோருக்கும் முதலாளி ஒருவர். சம்பளம் எல்லோருக்கும் ஒரே நாளில் நிற்கிறது. பக்கத்து வீட்டில் அரிசி கேட்கப் போனால் அவர்கள் அடுத்த வீட்டில் கேட்கப் போயிருப்பார்கள். ஆகவே தாங்குகிற கை எஸ்டேட்டுக்கு வெளியே இருந்தாக வேண்டும்.

அதைத்தான் குடும்பங்கள் செய்தன. பெரியவர்கள் லயத்தில், வீட்டையும் பாக்கியையும் காத்துக்கொண்டு. இளையவர்கள் திருப்பூர், கோயம்புத்தூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில், சனிக்கிழமை சம்பளத்துக்கு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரும்பாலும் பாட்டியிடம். இடைப்பட்டவர்கள் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்கு. எல்லா முட்டையையும் ஒரே அடையில் வைக்காத சாமர்த்தியம் என்று இதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஜெயசீலன் ராஜ் அங்கே நிறுத்தவில்லை. அதற்குக் கொடுத்த விலையை எழுதினார். அவர் புத்தகத்தின் கனமான இடம் அதுதான்.

எஸ்டேட்டில் சாதி இல்லாமல் இல்லை. ஆனாலும் மூன்று நான்கு தலைமுறை ஒரே வரிசை வீடுகளில் வாழ்ந்து, செக்ரோல் என்ற ஒரே வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறி, ஒரே யூனியனில் சந்தா கட்டியவர்கள் ஊர்த்தெரு, சேரி என்ற பிரிவிலிருந்து ஓரளவு விலகி வந்திருந்தார்கள். நெருக்கடி அவர்களைத் தாத்தா விட்டுவந்த அதே ஊருக்கு, அதே தெருவுக்குத் திருப்பி அனுப்பியது. டீக்கடையில் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரிக்கிற ஊருக்கு. இது எந்த நாணயத்தின் பக்கத்திலும் எழுதப்படாத நஷ்டம். கூடவே காகிதச் சிக்கலும் உண்டு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதி என்ற தகுதி, பிழைப்புக்காக மாநிலம் மாறியவருக்கு அங்கே தொடராது என்று 1990-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குமுளியைத் தாண்டுகிற குடும்பம் ரேஷன் கார்டை மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது. பிள்ளையின் கல்லூரி இடத்தையும் சேர்த்துப் பந்தயம் வைக்க வேண்டியிருக்கிறது. வெளியே வரத் துணிச்சல் இல்லை என்கிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

இருந்தவர்களுக்கும் விலை இருந்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்களைப் பற்றி 2020-ல் ஜெயசீலன் ராஜ் எழுதிய கட்டுரை படிக்க வலிக்கும். கிராஜுவிட்டி என்பது வெறும் பணம் இல்லை. பிள்ளைகள் முன்னால் ஒரு பெரிய மனுஷியாக உட்கார்ந்திருக்கும் உரிமை அது. அது வராமல் போனபோது, உழைத்து முடித்த கை வெறுங்கையாக நின்றது. சொந்த வீட்டுக்குள்ளேயே அவர்களுடைய வார்த்தைக்கு எடை குறைந்தது. மூடும் நாளில் வாங்கிய கூலியை வைத்துத்தான் பாக்கி கணக்கிடப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரிசி விலை வருஷா வருஷம் ஏறுகிறது. அந்தத் தொகை பழைய கூலியிலேயே உறைந்து கிடக்கிறது. காத்திருப்பது நல்ல கணக்குதான். அந்தக் கணக்கை ஒவ்வொரு வருஷமும் அரித்துக்கொண்டிருப்பதும் அதே காத்திருப்புதான்.

இப்படி அரிபட்டுக்கொண்டே முடிவெடுப்பது மூளைக்கு என்ன செய்யும்? விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலியோர் செய்தது. அறுவடைக்கு முன்னால், கையில் காசில்லாத மாதங்களில் ஒரு முறையும் வெட்டுக்குப் பின்னால் காசு வந்த பிறகு ஒரு முறையும் அதே விவசாயிகளுக்குப் புதிர்கள் கொடுத்தார்கள். காசு வந்த பிறகு அதே ஆள் இன்னும் நன்றாக விடை சொன்னார். பற்றாக்குறை வயிற்றில் மட்டும் இருப்பதில்லை, நினைப்பில் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் முடிவு. கரும்பு விவசாயிக்கு வெட்டு வந்துவிடும். எஸ்டேட்டில் அந்த அறுவடை நாள் வரவே இல்லை.

துணிச்சல் இல்லை என்கிறவர்கள் மூணாறையும் பார்க்க வேண்டும். இதே இடுக்கி மாவட்டத்தில், 2015 செப்டம்பரில், போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்து மூணாறு நகரத்தின் நடுவே ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்கள் உட்கார்ந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பேர் வைத்துக்கொண்டார்கள். பின்னால் யூனியன் கிடையாது. யூனியன் தலைவர்களைப் பக்கத்திலேயே சேர்க்கவில்லை. வேலை போனால் வீடு போகும், வீடு போனால் எல்லாம் போகும் என்று தெரிந்த பெண்கள். மேலே நான் போட்ட கணக்கிலுள்ள 301 ரூபாய் அந்தப் போராட்ட அலையில் வந்ததுதான். ஜெயசீலன் ராஜ் இந்தப் போராட்டத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஒரே சமூகம், ஒரே மலை. ஓரிடத்தில் எல்லாவற்றையும் பணயம் வைத்து நடுரோட்டில் உட்காருகிறார்கள், இன்னோரிடத்தில் ஒழுகும் வீட்டை விட்டு அசைய மறுக்கிறார்கள். சுபாவத்தை வைத்து இதை விளக்க முடியாது. மூணாறில் கம்பெனி ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்து பறிக்காவிட்டால் கம்பெனிக்கு நஷ்டம். மூடிய எஸ்டேட்டில் வேலைநிறுத்தம் செய்ய வேலையே இல்லை. கையில் மிச்சமிருந்த பிடி வீடு மட்டும்தான். இரண்டு இடத்திலும் அவர்கள் தங்களிடம் இருந்த பிடியைத்தான் பயன்படுத்தினார்கள்.

அந்த வீடு உயிருக்கே ஆபத்தான இடம் என்பதையும் மறைக்கக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். மின்சாரமும் தொலைபேசியும் இல்லாததால் மறுநாள் காலையில்தான் வெளியுலகத்துக்குச் செய்தி எட்டியது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆடி மழையிலும் லயத்தில் படுப்பவர்கள் காதைத் தீட்டிக்கொண்டுதான் படுக்கிறார்கள். பீர்மேடு தாலுகாவில்தான் முல்லைப் பெரியாறு அணையும் இருக்கிறது, 1895-ல் முடிந்தது. அணையைப் பற்றி இரண்டு மாநிலச் சட்டமன்றங்கள் பேசின; உச்ச நீதிமன்றம் 2006-லும் 2014-லும் தீர்ப்புச் சொன்னது; 142 அடி நீர்மட்டம் என்ற எண் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அணையின் கீழ் வண்டிப்பெரியாற்றுப் பக்கம் இருப்பவர்களின் பயத்தையும், அந்தத் தண்ணீரை நம்பியிருக்கிற தேனி, மதுரை விவசாயியின் பயத்தையும் நான் ஒருபோதும் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் அரசியலுக்கு உதவுகிற ஆபத்து மேடையேறுகிறது. ஒரு லயத்துச் சுவரின் விரிசல் தாலுகா அலுவலகத்தைக்கூடத் தாண்டுவதில்லை. எதை ஆபத்து என்று பேசுவது என்பதை ஆபத்தில் இருப்பவர்கள் முடிவு செய்வதில்லை.

பாக்கி விஷயத்தில் கோர்ட்டு என்ன செய்தது? மூடிய தேயிலைத் தோட்டங்களின் பாக்கிக்காக 2006-ல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு தொடரப்பட்டது. 1953-ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின்படி மத்திய அரசு தன் கடமையைச் செய்ய வேண்டும் என்று 2010 ஆகஸ்டில் உத்தரவு வந்தது. செய்யவில்லை என்று அவமதிப்பு மனு போனது. பாக்கியைக் கணக்கிட நீதிபதி அபய் மனோகர் சப்ரேயை ஒருநபர் குழுவாக 2020-ல் நியமித்தார்கள். எஸ்டேட் மூடி 20 வருஷம் கழித்து, எவ்வளவு பாக்கி என்று எண்ண ஒரு குழு. மூடும்போது 58 வயதில் இருந்தவருக்கு அப்போது 78.

இதற்கிடையே தொழிலாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. மூடிய எஸ்டேட்டுகளில் யூனியன்கள் முன்னின்று தேயிலைக் காட்டைக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்துக் கொடுத்தன. அவரவர் பங்கில் கொழுந்து கிள்ளி, பச்சைக் கொழுந்தாகவே ஏஜென்டுக்குப் போட்டு, வருகிற காசில் அடுப்பு எரிந்தது. பட்டா கிடையாது, காகிதம் கிடையாது. எஸ்டேட் திறந்தால் பங்கு போய்விடும்.

தேயிலைச் செடியை நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை கவ்வாத்து வெட்ட வேண்டும். இடுப்பளவுக்கும் கீழே கிளைகளை வெட்டி மொட்டையாக்கிவிடுவார்கள். அதன்பின் சில மாதத்துக்கு அந்தச் செடியில் ஒரு இலைகூடக் கிடைக்காது. பிறகு துளிர்க்கும், அடுத்த வருஷங்களில் நன்றாகக் கொடுக்கும். வெட்டாமல் விட்டால் செடி உயர்ந்துகொண்டே போய் மரமாகிவிடும். கொழுந்து கைக்கு எட்டாது, முற்றிப்போகும். கம்பெனி ஓடுகிற எஸ்டேட்டில் இந்த வருஷம் எந்தக் காட்டை வெட்டுவது என்பது மேனேஜரின் அட்டவணை. பங்குக் காட்டில் அதை முடிவு செய்ய வேண்டியது அந்தப் பெண்மணி. வெட்டினால் இந்த மழைக்காலத்துக்கு அரிசி இல்லை. அடுத்த வருஷக் கொழுந்து வரும்போது அந்தப் பங்கு அவரிடம் இருக்குமா என்பது தெரியாது. வெட்டாவிட்டால் இருக்கிற கொழுந்தும் வருஷா வருஷம் குறையும்.

மூடிய தோட்டங்களின் ஓரமாக ஏலப்பாறைப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக இதைப் பார்க்கலாம். ஆளுயரத்துக்கு மேல் மரமாக நிற்கும் தேயிலைக்கு நடுவே, ஒரு பங்கில் சில வரிசைகள் மட்டும் மொட்டையாக வெட்டப்பட்டிருக்கும். பக்கத்து வரிசைகளை வெட்டாமல் விட்டிருப்பார்கள், இந்த வருஷச் சாப்பாட்டுக்கு.